பானையைத் தட்டிப் பிழைக்கலாமா?

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு நண்பர்களோடு பாப் ஃப்யூஷன் பேண்ட் நடத்துகிறான். கிதார், கீபோர்டு, கடம் என்று வைத்துக்கொண்டு முதல் ஆல்பம் பதிவு செய்யப் போகிறார்களாம். "பானையைத் தட்டிப் பிழைக்கப் போறியா" என்று அவன் ஐயா தினமும் சத்தம் போடுகிறார். இந்த மாதிரி ஆல்பம் எல்லாம் ஓடுமா? (ஒரு தாய், தேவகோட்டை)

பதில்: ஓடுவதை அப்புறம் பார்ப்போம் ஆச்சி, முதலில் அந்தப் பானை. தேவகோட்டையில் இருந்துகொண்டு கடத்தைப் பானை என்று ஏசினால் எனக்குப் பொறுக்காது. கடம் என்றாலே வித்வான்கள் தேடி வருகிற மானாமதுரை நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சோறு வடிக்கிற பானையைப் போல லேசான சுவர் கிடையாது அதற்கு. சக்கரத்திலிருந்து இறக்கிய பிறகும் உள்ளே ஒரு கை, வெளியே கட்டை என்று தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்கிக்கொண்டே இருப்பார்கள். சூளையில் வெந்து வந்து, கழுத்து, வயிறு, அடி என்று ஒவ்வொரு இடமும் சரியாகப் பேசினால்தான் அது கடம்.

ஐயாவிடம் இதையும் சொல்லுங்கள். ஜான் மெக்லாக்லின் என்ற வெள்ளைக்கார கிதார்க்காரரும் நம் ஆட்களும் சேர்ந்த 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. அதில் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். விநாயக்ராமுக்கு 1992இல் 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்காக, இசைக்கு அமெரிக்காவில் கொடுக்கிற கிராமி விருதில் பங்கு கிடைத்தது. 2024இல் அதே சக்தி குழு கிராமி வாங்கியபோது மேடையேறியவர்களில் அவர் மகன் செல்வகணேஷும் ஒருவர். பானையைத் தட்டிய அப்பனும் அவர் பிள்ளையும் போய்ச் சேர்ந்த இடம் அது.

ஃப்யூஷன், அதாவது கலப்பிசை, ஏதோ வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. குன்றக்குடி இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊர் வைத்தியநாதன் தன் வயலினுக்குப் பக்கத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை உட்கார வைத்தாரே, அது என்னவாம்? வயலினுக்கு மிருதங்கம்தான் என்று இருந்த மேடையில் தவில் அதிர்ந்தபோது, சர்க்கஸ் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் கோயில் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட கூட்டத்துக்கு அது சங்கீதமாகத்தான் கேட்டது. மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் தாளக் கணக்கு வழக்கில் யாருக்காவது சந்தேகம் உண்டா? அவரே ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தவர். தன் வாத்தியத்தில் ஊறியவன் யாரோடும் சேரலாம், ஊறாதவன் சேர்ந்தால் சத்தம்தான் மிஞ்சும்.

இனி உங்கள் மகனுக்கு. தம்பி, பேண்டில் கடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பதிவில் கீபோர்டை அமுக்கிக் கடச் சத்தம் வரவைக்காதே. இந்த வேலையை இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள், கேட்டதுமே தெரிந்துவிடுகிறது, பாட்டு செத்துப்போகிறது. கடத்தின் வாயை வயிற்றில் அணைத்தும் விலக்கியும் ஒரு 'கும்' எடுப்பார்களே, அது ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பிடிக்க மைக்கை எங்கே வைப்பது என்று அரைநாள் செலவழித்தாலும் தகும். சுருதியும் கவனம். களிமண் ஒட்டிக் கொஞ்சம் இறக்கலாமே தவிர, கடத்தை கிதார் மாதிரி முறுக்கிச் சேர்க்க முடியாது. ஆகவே பாட்டின் சுருதிக்குத் தக்க கடத்தைத் தேடு, இல்லாவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் கடத்தின் சுருதிக்கு வாருங்கள். ரெண்டாவதைத்தான் நான் விரும்புவேன்.

அப்புறம் பெயர். இசைத்தட்டு, கேசட் காலத்தில் அட்டையின் பின்பக்கம் திருப்பினால் யார் என்ன வாசித்தார் என்று சின்ன எழுத்திலாவது இருக்கும். இப்போது போனில் பாடகர் முகம் தெரிகிறது, பக்கவாத்தியக்காரர் காணாமல் போய்விட்டார். பாட்டை ஏற்றும்போதே வாசித்தவர்கள் பெயரைப் பதிய இடம் இருக்கிறது, சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் நடப்பதும் இதே அநியாயம்தான். முகப்பில் நாதஸ்வரக்காரர் காம்போதி ராகத்தை விரித்துக்கொண்டிருப்பார், வாசலில் செண்டை மேளமும் ஆளுயர ஸ்பீக்கரும் வந்து இறங்கும், அவர் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வாசித்த குடும்பங்கள் அவை. பந்தலுக்கு லட்சம் லட்சமாகச் செலவழிக்கிறவர்கள், தாலி கட்டி முடிகிறவரையாவது அந்த ஸ்பீக்கரை அணைத்து வைக்கச் சொல்லக் கூடாதா?

ஓடுமா என்று கேட்டீர்கள் இல்லையா? முதல் ஆல்பத்தில் காசு பார்ப்பது கஷ்டம் ஆச்சி, ஆல்பத்தைக் காட்டிப் பிடிக்கிற கச்சேரியில்தான் வரும்படி. அதுவரைக்கும் ஒரு வேலையில் இருக்கட்டும், ஐயாவும் அடங்குவார். ஆல்பம் வந்ததும் நமக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாசித்தவர்கள் பெயரோடு கடம் செய்து கொடுத்தவர் பெயரையும் போட்டிருந்தால் இரண்டு பக்கம் ஒதுக்கி நானே விமர்சனம் எழுதுகிறேன்.