மூக்கில் ரத்தம் வந்தால் சூடு என்று விடலாமா?

கேள்வி: காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். எங்கள் நாலு வயதுக் கடுவன் நாய்க்குக் காது மடல், விரல் இடுக்கெல்லாம் உண்ணி. ஒரு வாரமாகச் சரியாகத் தின்பதில்லை. நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. சூடு, மோர் ஊற்று என்கிறார்கள். உண்ணி ரத்தத்தைக் குடித்ததால் இப்படி ஆகுமுங்களா டாக்டர்? சத்து டானிக் போதுமா? கூட ஒரு பெட்டை நாயும் இருக்கிறது.
— வாசகி ஒருவர்

பதில்: அம்மா, மோரும் டானிக்கும் அப்புறம். முதலில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போய்விடுங்கள்.

குட்டிகளுக்கு உண்ணி உறிஞ்சுவதிலேயே ரத்தம் வற்றிவிடும். வளர்ந்த நாய்க்கு அதைவிட ஆபத்து, உண்ணியின் எச்சில் வழியே உள்ளே இறங்கும் கிருமி. எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மளமளவென்று குறையும். மைக்ரோலிட்டருக்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 20,000-க்குக் கீழே போனதை நானே பார்த்திருக்கிறேன். மூக்கில் ரத்தம் வருவது பெரும்பாலும் இதனால்தான். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா, உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பபீசியாவாக இருக்கலாம். அது சிவப்பணுக்களையே உடைக்கும் ஒட்டுண்ணி. அதற்கு மருந்து வேறு. அதனால்தான் ரத்தம் பார்க்காமல் ஊசி போடச் சொல்லாதீர்கள் என்கிறேன். எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, வழக்கமாக 28 நாள். ரெண்டு மூணு நாளில் நாய் எழுந்து சோறு தின்னும். 'சரியாகிவிட்டது' என்று அங்கேயே நிறுத்துகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. காய்ச்சலுக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுக்கவே வேண்டாம்.

உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். மாட்டுக்கு அடிக்கும் மருந்தை நீங்களாகக் கலந்து பூசவும் வேண்டாம். நாய்களுக்கென்றே உண்ணி மாத்திரை இருக்கிறது. எடை பார்த்துத் தருவார்கள். ஆனால் சாளைச் சுவர் வெடிப்பில் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அங்கே சிமென்ட் பூசுங்கள். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள். கோழிப்பண்ணைக்காரர்களிடம் தீயைப் பீய்ச்சும் ஃபிளேம் கன் இருந்தால் கல்சுவர் இடுக்குகளில் காட்டலாம், ஓலை, வைக்கோல் பக்கம் மட்டும் கூடாது.

பெட்டை நாய் நன்றாகத் தின்றாலும் அதற்கும் அன்றைக்கே ரத்தம் எடுங்கள். இந்தக் கிருமி வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடம்புக்குள் இருக்கும்.