பெப்டைடுக்கு அசைகிற டி செல் புரதத்துக்கு ஏன் அசைவதில்லை?

கேள்வி: சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்து 7 நாள் வளர்த்த டென்ட்ரிடிக் செல்களுக்கு (புரதத்தைத் துண்டாக்கி டி செல்லுக்குக் காட்டுபவை) இரவு முழுக்க எல்பிஎஸ் (அவற்றை முதிரச் செய்யும் பாக்டீரியா உறைப் பொருள்) கொடுக்கிறேன். மறுநாள் காலை ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் கணக்கில் ஓவால்புமின் (முட்டை வெள்ளைப் புரதம்) ஊட்டி, 2 மணி நேரம் கழித்துக் கழுவி, டி செல்களைச் சேர்க்கிறேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஓடி-2 செல்கள் (ஓவால்புமினை அறியும் சிடி4 டி செல்கள்) ஓரளவு பெருகியிருக்கின்றன, ஓடி-1 செல்கள் (அதையே அறியும் சிடி8 டி செல்கள்) பெருகவே இல்லை. புரதத்துக்குப் பதில் அதன் சிறு துண்டான சின்ஃபெக்கல் பெப்டைடு 1 மைக்ரோமோலார் கொடுத்தால் அதே ஓடி-1 நன்றாகப் பெருகுகிறது. புரதத்தை மாற்றுவதா, செல்லை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். எல்பிஎஸ் கொடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். புதிதாக எதையும் வாங்குமுன் அதைச் செய்து பார்ப்பதே சிக்கனம்.

டென்ட்ரிடிக் செல் முதிராத நிலையில் சுற்றியுள்ள திரவத்தை மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டே இருக்கும். எல்பிஎஸ் பட்டதும் சிறிது நேரம் அந்த விழுங்கல் கூடும், பிறகு படிப்படியாக நின்றுவிடும். ஓர் இரவு கழிந்தால் அது தின்கிற செல் அல்ல, தின்றதைக் காட்டுகிற செல். டி செல்லுக்குத் துணைத்தூண்டல் தரும் சிடி80, சிடி86 மூலக்கூறுகள் எல்லாம் மேற்பரப்பில் ஏறியிருப்பதால் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களைச் சாயமிட்டு ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் முறை) பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அப்போது ஊற்றுகிற கரைந்த புரதத்தில் பெரும்பகுதி உள்ளே போவதில்லை. போகிற கொஞ்சமும் வகை 1 எம்எச்சியில் (பெப்டைடைத் தன் பள்ளத்தில் ஏந்தி டி செல்லுக்குக் காட்டும் மேற்பரப்பு மூலக்கூறு) ஏறுகிற, கிராஸ்-பிரசன்டேஷன் எனப்படும் குறுக்கு வழி, முதிர்ந்து ஒரு நாள் ஆன செல்லில் மிகவும் குறைந்திருக்கும்.

அப்படியானால் ஓடி-2 மட்டும் எப்படிப் பெருகியது என்று கேட்பீர்கள். அவை பார்ப்பது வகை 2 எம்எச்சியை. வெளியிலிருந்து வரும் புரதத்துக்கு அது நேர் வழி. விழுங்கியதை வைக்கும் பையான எண்டோசோமில் புகுந்த புரதத்தை ஜில்ட் என்ற நொதி டைசல்ஃபைடு பிணைப்பை உடைத்துப் பிரித்துப்போடும், கதெப்சின்கள் துண்டாக்கும். வகை 2-இன் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இன்வேரியன்ட் சங்கிலியைக் கதெப்சின்-எஸ் நறுக்கி கிளிப் என்ற துணுக்காகக் குறைக்கும். அதை எச்-2எம் (மனிதரில் எச்எல்ஏ-டிஎம்) வெளியேற்றிவிட்டுப் பொருத்தமான பெப்டைடை உட்கார வைக்கும். எல்லாமே ஒரே பையில் நடக்கிற வேலை, அதனால் கொஞ்சம் புரதமே போதும். முதிர்ந்த செல்லில் வகை 2 மேற்பரப்பில் நீண்ட நேரம் நிலைத்தும் நிற்கும்.

ஓடி-1 பார்ப்பது வகை 1-ஐ, அதாவது எச்-2கேபி மூலக்கூறை. அதன் பள்ளம் இரு முனையிலும் மூடியது, பொதுவாக 8 முதல் 10 அமினோ அமிலத் துண்டுதான் அதில் அடங்கும். ஓவால்புமினின் 257 முதல் 264 வரையிலான 8 அமினோ அமிலங்கள்தான் சின்ஃபெக்கல். வெளியிலிருந்து வந்த புரதம் அங்கே போய்ச் சேர முதலில் எண்டோசோமிலிருந்து செல்லின் உட்திரவமான சைட்டோசாலுக்குத் தப்ப வேண்டும். அங்கே புரோட்டியசோம் என்ற புரதம் வெட்டும் நொதிக் கூட்டு அதை வெட்ட வேண்டும், டேப் என்ற கடத்தி ஏடிபி செலவழித்துத் துண்டுகளை எண்டோபிளாச வலைக்குள் அல்லது மறுபடி எண்டோசோமுக்குள் இழுக்க வேண்டும். நீளமாக வந்தவற்றின் முன் முனையை அமினோபெப்டிடேஸ்கள் சீவி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சைட்டோசால் பக்கமே போகாமல் எண்டோசோமுக்குள்ளேயே முடிகிற இன்னொரு கிளை வழியும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் உள்ளே போன புரதத்தில் மிகச் சிறு பங்குதான் கடைசிவரை வரும். ஆகவே உள்ளெடுப்பு பாதியாகக் குறைந்தால்கூட ஓடி-2 தாங்கும், ஓடி-1 தாங்காது. ஓடி-2 பெருகியதை வைத்துப் புரதம் போதுமான அளவு உள்ளே போயிருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அந்த ஓடி-2 விளைவையே கொஞ்சம் சந்தேகியுங்கள். டி செல்களை மண்ணீரலிலிருந்து பிரிக்கும்போது பி செல்களும் டென்ட்ரிடிக் செல்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. சரியாகக் கழுவப்படாத புரதத்தை அவை எடுத்துக் காட்டிவிடும். டென்ட்ரிடிக் செல் இல்லாமல் டி செல்லும் புரதமும் மட்டும் உள்ள குழி ஒன்று தட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் பெப்டைடு குழி. வெளியிலிருந்து கொடுக்கிற 8 அமினோ அமிலத் துண்டு, மேற்பரப்பில் ஏற்கெனவே நிற்கிற எச்-2கேபியில் நேராக ஏறிவிடும். ஊடகத்தில் உள்ள கன்றுச் சீரத்தின் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அதற்குத் துணைபோகும். செல் எதையும் விழுங்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். எனவே அந்தக் குழி சொல்வது ஓடி-1 உயிரோடு இருக்கிறது, எச்-2கேபி இருக்கிறது, துணைத்தூண்டல் இருக்கிறது என்பதை மட்டும்தான். அதிலும் 1 மைக்ரோமோலார் மிக மிக அதிகம். ஓடி-1 செல் 1 நானோமோலாருக்கும் வெகு கீழேயே பதில் சொல்லும். இவ்வளவு கொட்டினால் பாதி செத்த செல்கூட நன்றாக இருப்பதாகக் காட்டும். ஒரு மி.கி. பெப்டைடை 1.04 மி.லி. டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 1 மில்லிமோலார் இருப்பு கிடைக்கும். அதிலிருந்து பத்துப் பத்து மடங்காகக் கரைத்து 1 நானோமோலார் முதல் 1 பிகோமோலார் வரை நான்கு குழிகள் வையுங்கள். ஒவ்வொரு கரைப்புக்கும் பிப்பெட் முனையை மாற்றாவிட்டால் முதல் குழியின் பெப்டைடு கடைசிக் குழிவரை தொற்றிக்கொண்டு போகும், வளைவு தட்டையாகிவிடும். அந்த வளைவு சரியாக இறங்கினால் நல்லது. உங்கள் புரதக் குழி எத்தனை பிகோமோலார் பெப்டைடுக்குச் சமம் என்று அப்போது எண்ணில் சொல்லலாம். ஒப்பிட்டுப் பாருங்கள்: 45 கிலோடால்டன் புரதம் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ 2.2 மைக்ரோமோலார்.

அடுத்த தட்டை இப்படிப் போடலாம். தட்டில் இறுக ஒட்டியிருப்பவற்றை விட்டுவிட்டு, தளர்வாக இருக்கும் செல்களை மட்டும் எடுங்கள். ஜிஎம்-சிஎஸ்எஃப் வளர்ப்பில் மேக்ரோஃபேஜ் போன்றவையும் கலந்தே இருக்கும், அவற்றின் லைசோசோம் புரதத்தைத் துண்டாக்குவதில் நிற்காமல் அரைத்தே தீர்த்துவிடும். எல்பிஎஸ் இல்லாமல் ஓவால்புமினை மி.லி.க்கு 0.1, 0.3, 1 மி.கி. என மூன்று அளவில், 37 டிகிரியில் 4 மணி நேரம் ஊட்டுங்கள். எல்பிஎஸ் மி.லி.க்கு 100 நானோகிராம், கடைசி ஒரு மணி நேரத்தில். பிறகு மும்முறை கழுவி, உருண்டை அடிக் குழிக்கு 20,000 டென்ட்ரிடிக் செல், சிஎஃப்எஸ்இ (செல் பிரியும்போதெல்லாம் பாதியாகக் குறையும் சாயம்) ஏற்றிய 1,00,000 ஓடி-1. உங்கள் பழைய வரிசையையும், அதாவது எல்பிஎஸ் முன்னிரவில் என்பதையும், அதே தட்டில் அருகில் வைத்தால் காரணம் அதுதானா என்பது ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண ஓவால்புமினில் எண்டோடாக்சின், அதாவது எல்பிஎஸ், கலந்திருப்பது சகஜம். 'எல்பிஎஸ் இல்லாத குழி' என்று நீங்கள் எழுதுவது உண்மையில் அப்படி இல்லாமல் போகலாம். எண்டோடாக்சின் நீக்கிய தரத்தையே பயன்படுத்துங்கள்.

ஓடி-1 பெருகத் தொடங்கியபின், அது செல் பதப்படுத்தியதால்தானா என்று நிரூபிக்க வேண்டும். புரத இருப்பில் ஏற்கெனவே உடைந்த துண்டுகள் மிதந்தால் அவையே நேராக ஏறியிருக்கலாம். இதற்குப் பழைய முறை ஒன்று இன்னும் நம்பகமானது: டென்ட்ரிடிக் செல்களை முதலில் நிலைப்படுத்திவிட்டு (வேதிப்பொருளால் கொன்று, மேற்பரப்பு அப்படியே இருக்க உறைய வைத்து) அப்புறம் புரதம் கொடுப்பது. 0.05 சதவீத குளூட்டரால்டிஹைடில் 30 விநாடி, உடனே அதே கன அளவு 0.2 மோலார் கிளைசின் ஊற்றி நிறுத்தி, சீரம் உள்ள ஊடகத்தில் மும்முறை கழுவ வேண்டும். விநாடி எண்ணிச் செய்யுங்கள். ஒரு நிமிடம் தாண்டினால் பெப்டைடு குழியும் சேர்ந்து படுத்துவிடும். நிலைப்படுத்திய செல் பெப்டைடைக் காட்டும், முழுப் புரதத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் இருப்பில் துண்டு இருக்கிறது என்று பொருள், 10 கிலோடால்டன் வடிகட்டியில் சுழற்றிக் கீழே இறங்குவதைக் கொட்டிவிடுங்கள். இப்படிச் செத்த செல்லால், இன்னும் ஆன்டிஜெனைப் பார்க்காத புது டி செல்லுக்குத் துணைத்தூண்டல் சரியாகத் தர இயலாது. அதனால் இந்தச் சோதனைக்கு ஓடி-1 வேண்டாம், சின்ஃபெக்கலை அறியும், துணைத்தூண்டல் கேட்காத பி3இசட் ஹைபிரிடோமாவே (டி செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து உருவாக்கிய செல் வரிசை) பொருந்தும்.

புரோட்டியசோம் வழியா என்று அறிய, அதைத் தடுக்கும் மருந்தான எம்ஜி132 அல்லது லாக்டாசிஸ்டின் 10 மைக்ரோமோலார், புரதத்துக்கு அரை மணி முன்பிருந்து ஊட்டல் முடியும்வரை இருக்கட்டும். அதன்பின் டென்ட்ரிடிக் செல்லை நிலைப்படுத்தி, கழுவி, பி3இசட் சேர்க்க வேண்டும். மருந்து அப்படியே தங்கினால் டி செல் சாகும், நீங்கள் அதைத் 'தடுத்துவிட்டது' என்று படிப்பீர்கள். மருந்தும் பெப்டைடும் சேர்ந்த குழி இல்லாமல் இந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

படிப்பதில் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. எச்-2கேபியில் சின்ஃபெக்கல் உட்கார்ந்த கூட்டை மட்டும் பிடிக்கிற 25-டி1.16 எதிர்ப்பொருள், பெப்டைடு ஏற்றிய செல்லில் பளிச்சென்று ஒளிரும். கரைந்த புரதம் தின்ற செல்லில் பெரும்பாலும் பின்னணிக்கு மேல் எழாது. டி செல்லுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க கூட்டுகளே போதும், எதிர்ப்பொருளுக்கு அவ்வளவு குறைவாக இருந்தால் தெரியாது. எனவே அங்கே ஒன்றும் தெரியாததைத் தோல்வியாக எடுக்க வேண்டாம். இன்னொன்று சிடி69. டி செல் தூண்டப்பட்டதை 16 மணி நேரத்தில் பார்க்க வசதியான அடையாளம்தான், ஆனால் எல்பிஎஸ் கிளப்பிவிடும் வகை 1 இன்டர்ஃபெரானே ஆன்டிஜென் இல்லாமலும் அதை ஏற்றிவிடும். எல்பிஎஸ் மட்டும் கொடுத்த குழியோடு ஒப்பிட்டு, இன்னொரு தூண்டல் அடையாளமான சிடி25-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

வரிசையை மாற்றி, 1 மி.கி. வரை ஏற்றியும் ஓடி-1 அசையவில்லையென்றால் அப்போது செல்லை மாற்றுங்கள். எஃப்எல்டி3 லிகாண்டு என்ற வளர்ச்சிக் காரணியை மி.லி.க்கு 200 நானோகிராம் கொடுத்து 9 நாள் வளர்த்தால், குறுக்கு வழியில் தேர்ந்த சிடிசி1 ரக டென்ட்ரிடிக் செல்கள் கிடைக்கும். அவற்றை எக்ஸ்சிஆர்1 என்ற மேற்பரப்பு மூலக்கூறைக் கொண்டு அடையாளம் காணலாம். அவற்றுக்கும் கரைந்த புரதத்தைவிடச் செத்த செல்லோடு வருகிற புரதமே பிடித்த தீனி. எச்-2கேபி இல்லாத செல்களில் ஓவால்புமினை ஏற்றி, கதிர்வீச்சில் கொன்று கொடுங்கள். கொடுக்கிற செல்லில் எச்-2கேபி இருந்துவிட்டால் அதுவே நேராகக் காட்டிவிடும், சோதனை பாழ்.