மூவாயிரத்திலேயே நிற்கும் கலிபோர்னியா கடல் நீர்நாய்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடல் நீர்நாய் எப்போதோ அழிந்துவிட்டது என்று படித்த நினைவு. இப்போது கலிபோர்னியாவிலிருந்து வீடியோவாக வருகிறதே?

அழியவில்லை, நூலிழையில் தப்பியது. பெரிங் என்ற கடலோடியோடு 1741-இல் கடலேறிய ரஷ்ய மாலுமிகள் அதன் தோலோடு ஊர் திரும்ப, அன்று தொடங்கிய வேட்டை 1911-இல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போடும்வரை ஓயவில்லை. லட்சக்கணக்கில் இருந்தவை உலகம் முழுக்க 2,000-க்குள் சுருங்கின. கலிபோர்னியாவில் பிக் சர் பாறைக் கரையோரம் ஐம்பது போலத்தான் மிச்சம். இன்று அங்கே இருக்கும் சுமார் 3,000-மும் அந்த ஐம்பதின் வழிவந்தவையே.

கேள்வி: அந்தத் தோலில் அப்படி என்ன விசேஷம்?

திமிங்கலம், சீல்களுக்குத் தோலடியில் கொழுப்பு உண்டு, இதற்குக் கிடையாது. ரோமம்தான் கம்பளி. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை இருக்கும். எண்ணெய் பட்டால் முடி ஒட்டிக்கொண்டு குளிர் உள்ளே இறங்கிவிடும். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது கடல் நீர்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்ததற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி: வேட்டை நின்று நூறு வருஷம் தாண்டியும் ஏன் பெருகவில்லை?

எனக்கும் இதுதான் முக்கியமான கேள்வி. வாழிடத்தின் நடுப்பகுதியில் இடம் நிரம்பிவிட்டது. தினமும் உடல் எடையில் கால்பங்கு தின்றாக வேண்டிய பிராணி, இரை போதாது. சரி, வடக்கேயோ தெற்கேயோ நகரலாமே என்றால், இரு முனைகளிலும் வெள்ளைச் சுறா காத்திருக்கிறது. விந்தை என்னவென்றால், சுறா இதைத் தின்பதில்லை. சீல் என்று நினைத்தோ என்னவோ ஒரு கடி கடித்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஒரு கடி போதும். இது தவிர, பூனைக் கழிவிலிருந்து மழைநீரோடு கடலுக்கு வரும் டாக்சோபிளாஸ்மா கிருமியும் கொல்கிறது.

மனிதர்களே இடம் மாற்றியும் பார்த்தார்கள். 1987 முதல் 140 நீர்நாய்களை தெற்குக் கலிபோர்னியாவை ஒட்டிய சான் நிக்கோலஸ் தீவில் விட்டார்கள்; பல நீந்தி ஊர் திரும்பின. மீன்பிடித் தொழிலைச் சமாதானப்படுத்த, தெற்குக் கலிபோர்னியாக் கடலில் 'நீர்நாய் வரக்கூடாத பகுதி' என்று கோடு வேறு கிழித்தார்கள். நீர்நாய்க்கு வரைபடம் தெரியுமா? 2012-இல் அதைக் கைவிட்டார்கள்.

கேள்வி: மீனவர்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. தென்கிழக்கு அலாஸ்காவில் 1960-களில் விட்ட நானூறு சொச்சம் 20,000-க்கும் மேல் பெருகியது. நண்டையும் கடல் வெள்ளரி என்ற கடல் பிராணியையும் அவை தின்றுவிட, அவற்றைப் பிடிப்பவர்கள் தொழிலில் அடி வாங்கினார்கள். அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. ஆனால் கெல்ப் பாசிக் காடுகளை மொட்டையடிக்கும் முள்ளுடம்புக் கடல் முள்ளெலிகளைத் தின்று குறைப்பதும் இதே பிராணிதான்.

கேள்வி: காவிரியில் நான் பார்த்தது இதுதானா?

இல்லை, அது ஆற்று நீர்நாய். கடல் நீர்நாய் வட பசிபிக்கை விட்டு வெளியே கிடையாது.

கேள்வி: தாயில்லாக் குட்டிகளை வளர்த்து விடுகிறார்களாமே?

மான்டரே வளைகுடா மீன்காட்சியகத்தில் ஏற்கெனவே இருக்கும் பெண் நீர்நாய்களையே வளர்ப்புத் தாயாக்குகிறார்கள். குட்டி மனிதரோடு ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று ஊழியர்கள் கறுப்பு அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் அருகே போவார்கள். அருகிலுள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ உப்பங்கழியில் பதினைந்து வருஷத்தில் கூடிய எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இப்படி வளர்ந்தவையும் அவற்றின் வாரிசுகளும்தான்.