மேசைமேல் படை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சிறு உருவங்களை ஒட்டி, பெயின்ற் பூசி, மேசையில் படை நடத்தும் விளையாட்டைப் பற்றி வந்த கடிதங்களில் திருகோணமலைப் பக்கத்துக் கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். காற்றும் உப்பும் இவர்கள் எல்லோருக்கும் பொதுத் தொல்லை.

கேள்வி: கணினி விளையாட்டு வழியாக வார்ஹாமர் 40,000 என்ற எதிர்காலப் போர் விளையாட்டு பிடித்துப்போனது. முழுப் படைக்கு 2,000 புள்ளி வேண்டும் என்கிறார்கள். பெட்டிகளின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. விளையாட இருப்பது நானும் ஒரு நண்பனும்தான். எங்கே தொடங்க?
— உயர்தர மாணவர், உவர்மலை

பதில்: வாங்குவதில் தொடங்காதீர்கள். படையிலுள்ள ஒவ்வொரு குழுவுக்கும் பலத்துக்கேற்ற புள்ளி உண்டு; 2,000 புள்ளி போட்டிக்காரர்களின் கணக்கு. விளையாட்டு உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை. 'வன் பேஜ் ரூல்ஸ்' என்ற குழு தன் அடிப்படை விதிகளை இலவசமாகத் தருகிறது. அவர்களின் 'கிரிம்டார்க் ஃபியூச்சர்' விதிகளை எந்த நிறுவனத்தின் உருவத்தோடும் ஆடலாம். உருவமே இல்லையென்றால் தடித்த மட்டையில் 28 மி.மீ. உயரத்துக்கு ஆளை வரைந்து வெட்டி, சோடாப் போத்தலின் பிளாஸ்டிக் மூடியில் கீறல் போட்டு நிறுத்துங்கள். மூடி ஏறத்தாழ 30 மி.மீ.; 40,000 இன் கவசப் படைவீரனான ஸ்பேஸ் மரீன் நிற்கும் அடித்தட்டு 32 மி.மீ. ஆட்டத்தில் அந்த வித்தியாசம் தெரியாது.

ஆளுக்கு 3 குழு, குழுவுக்கு 5 பேர், பகடை பத்து, அளவு நாடா ஒன்று. விதிகள் எல்லாம் அங்குலத்தில் இருக்கும். தையல் நாடா இழுபடும், இரும்பு நாடா நல்லது. சாப்பாட்டு மேசை போதும். 40,000 இன் சிறிய ஆட்டமான காம்பற் பற்றோலுக்கே 44 க்கு 30 அங்குலம்தான் கேட்கிறார்கள்.

ஒரு சூட்டை மட்டும் நடத்திக் காட்டுகிறோம். உங்கள் 5 பேர் நண்பனின் குழுவைச் சுடுகிறார்கள். இரு பக்கத்துக்கும் தரம் 4+, காப்பு 4+ என்று வைப்போம். நீங்கள் 5 பகடை போடுகிறீர்கள்: 2, 3, 4, 5, 6. நாலும் அதற்கு மேலும் பட்டவை, ஆக 3 சூடு. நண்பன் 3 பகடை போட்டுத் தடுக்கிறான்: 1, 3, 5. வெளியில் நின்றிருந்தால் 1 உம் 3 உம் தவறி இருவர் விழுவார்கள். மதில் மறைவில் நின்றிருந்தால் காப்புப் பகடைக்கு ஒன்று கூடும். 3 நாலாகிவிடும், விழுவது ஒருவர்தான். இந்த ஒரு மதிலுக்குள் பாதி விளையாட்டு இருக்கிறது. புதியவர்கள் பிழைவிடுவதும் இதிலேதான். மேசையை வெறுமையாக விட்டு ஆடுவார்கள், இரண்டாம் சுற்றிலேயே சுடுபட்டு முடிந்துவிடும். மேசையில் கால்வாசியாவது புத்தகமோ பெட்டியோ நிற்கட்டும்.

நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகும் ஆசை நின்றால் ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள். அதை ஒட்டி, பூசி முடிக்கும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். பழைய விதிப்புத்தகம் மலிவாகக் கிடைத்தால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 8 ஆம் பதிப்பு 2017 இலும், 9 ஆவது 2020 இலும், 10 ஆவது 2023 இலும் வந்தன. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புத்தகம் பழசாகிவிடும், உருவம் பழசாகாது.

கேள்வி: ஆடி மாதத்தில் அடிப்பூச்சான பிரைமர் ஸ்பிரே அடித்தேன், மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக வந்தது. மார்கழியில் வார்னிஷ் அடித்தேன், வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஸ்பிரே கானில் பிழையா?
— நிலாவெளி வாசகர்

பதில்: கானில் பிழையில்லை. ஆடியில் குற்றவாளி கச்சான். அந்தச் சூடான வறண்ட காற்றில் பெயின்ற் துளி உருவத்தைத் தொடுமுன்பே வழியில் காய்ந்து தூளாகிறது. ஒட்டுவது அந்தத் தூள். தூரத்தைக் குறையுங்கள், 15 முதல் 20 செ.மீ. போதும். காற்று எழும்புமுன் காலையிலேயே, ஒரு பக்கம் திறந்த பெரிய மட்டைப் பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். விசையை உருவத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் தாண்டிய பிறகு விடுங்கள். ஒரே மூச்சில் மூடப் பார்க்க வேண்டாம்.

மார்கழியில் நடப்பது வேறு. கானிலிருந்து வரும் வாயு ஆவியாகும்போது உருவத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்கால ஈரம் அங்கே படிந்து, காயாத வார்னிஷுக்குள் அகப்பட்டு வெள்ளையாகத் தெரிகிறது. பளபளப்பில்லாத மற் வார்னிஷில்தான் இது மோசம். பூத்ததைப் பார்த்து உருவத்தை எறிந்துவிடாதீர்கள். பளபளக்கும் குளொஸ் வார்னிஷைப் பிறஷால் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினால் பெரும்பாலும் வெள்ளை மறையும். காய்ந்தபின் அதன்மேல் மற் வார்னிஷைப் பிறஷால் பூசலாம். ஐப்பசியிலிருந்து தை வரை ஸ்பிரேயையே மறந்துவிட்டு, பிறஷால் பூசும் பிரைமருக்கு மாறுவது எங்கள் ஆலோசனை. ஸ்பிரே கான்கள் விமானத் தபாலில் வராது என்பதால் வெளிநாட்டிலிருந்து எடுப்பதும் நடவாது. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் மோட்டார் சைக்கிள் பிரைமரும் வேலை செய்யும். ஆனால் உருவங்கள் பொருத்தப்பட்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, அதில் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் இளகினால் அந்தக் கான் வேண்டாம்.

சொரசொரத்ததைக் கழற்ற டெற்றோல் போதும். தண்ணீர் கலக்காத டெற்றோலில் ஓர் இரவு ஊறவிட்டு, கையுறை போட்டு, பழைய பற்தூரிகையால் தேயுங்கள். தேய்க்கும்போதும் டெற்றோலையே பாவியுங்கள். இடையில் தண்ணீர் பட்டால் கழன்ற பெயின்ற் பிசினாகி இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும். கடைசியில்தான் பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும். வாகன லாக்கர் பிரைமர் இதில் முழுதாகப் போகாது. அதற்காகத் தின்னரில் போட்டால் பெயின்றோடு ஆளும் கரைந்துவிடுவார்.

கேள்வி: அக்ரிலிக் பெயின்ற் தட்டில் ஊற்றிப் பத்து நிமிடத்தில் தோலாகிவிடுகிறது.
— சீனக்குடா

பதில்: மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் ஸ்பொஞ்சு வைத்து, அது நனைந்து மினுங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மேலே கேக் சுடும் கடுதாசியை விரித்து அதன்மேல் பெயின்றை வையுங்கள். மூடிவைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். கடுதாசி மிதந்தால் தண்ணீர் கூடிவிட்டது. நம் வெக்கையில் மூன்றாம் நாள் பூஞ்சண மணம் வரும், ஸ்பொஞ்சைக் கழுவி வெயிலில் போடுங்கள்.

கேள்வி: 40,000 இன் கதையைத் தேடினால் முடிவில்லாமல் போகிறது. ஹோரஸ் ஹெரசி நாவல் வரிசையே 54 புத்தகமாம். '999.எம்41' என்று ஆண்டு போடுகிறார்கள், அது என்ன கணக்கு? ஒரே சம்பவத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், எது சரி?
— கிண்ணியா வாசகர்

பதில்: ஆண்டுக் கணக்கு சுலபம். எம் என்பது ஆயிரமாண்டு. 1900 களை 20 ஆம் நூற்றாண்டு என்பதுபோல, 40,001 முதல் 41,000 வரை 41 ஆம் ஆயிரமாண்டு. ஆகவே 999.எம்41 என்றால் 40,999. மனிதப் பேரரசருக்கு அவருடைய தளபதி ஹோரஸ் செய்த துரோகம் 31 ஆம் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் நடக்கிறது. பேரரசர் பொற்சிம்மாசனத்தில் பிணம்போல இருந்து பத்தாயிரம் வருடம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

54 புத்தகம் உண்மை. 2006 இல் தொடங்கி 2019 இல் முடிந்தது, அதற்குப் பிறகு டெரா (பூமி) முற்றுகை என்று தனி வரிசை 2024 வரை ஓடியது. அத்தனையையும் வாசித்தவர்கள் குறைவு. முதல் மூன்றும் ஒரே கதை, அதோடு நிறுத்தினாலும் குறையில்லை. இன்னும் நல்ல வழி உங்களுக்குப் பிடித்த ஒரு இனத்தில் நுழைவது. கரும்பச்சை உடம்பும் உரத்த குரலுமாகச் சண்டைக்காகவே சண்டைபோடும் ஓர்க், உயிரை உலோகத்துக்கு விற்ற நெக்ரோன், எல்லாவற்றையும் தின்றுகொண்டு வரும் ரிரனிட், இப்படி ஒன்றைப் பிடியுங்கள். அந்த இனத்தின் விதியும் கதையும் சேர்ந்த கோடெக்ஸ் புத்தகத்தில் கதைப் பக்கங்களை மட்டும் வாசியுங்கள், மற்றவை தானாக வந்து ஒட்டும்.

எது சரி என்பதற்கு வருவோம். கோணேசர் மலைக்குப் போகிறவருக்கு இராவணன் வெட்டின் கதையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்; யாரும் சண்டைக்கு வருவதில்லை. இதையும் அப்படிக் கேளுங்கள். உள்ளே பேசுகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு பக்கத்தின் ஆட்கள். அதோடு விளையாட்டை வெளியிடும் நிறுவனமும் கதையை மாற்றும். 2002 இல் வந்த கோடெக்ஸில் நெக்ரோன் தங்கள் நட்சத்திரத் தெய்வங்களுக்கு ஊழியம் செய்யும் ஊமை இயந்திரங்கள். 2011 இல் அவர்களுக்கு அரச வம்சமும் அகங்காரமும் வந்தன, அந்தத் தெய்வங்களை அவர்களே உடைத்துச் சிறைவைத்ததாகக் கதை மாறியது. எங்களுக்குப் பிந்தியதுதான் பிடிக்கும்.

கேள்வி: மகன் இதில் மூழ்கிக் கிடக்கிறான். போரைப் பார்த்த வீடு இது. அதில் மனிதப் பேரரசை வீரர்களாகக் காட்டுகிறார்களா?
— ஒரு தாய், அன்புவழிபுரம்

பதில்: அம்மா, அந்தப் பேரரசு நல்லவர்களின் அரசாக எழுதப்பட்டதில்லை. சந்தேகப்பட்டவனை எரிக்கும், தினமும் ஆயிரம் பேரைப் பலிகொடுத்து ஒரு பிணத்தைக் காக்கும் அரசு அது. அதை ஒரு நையாண்டியாகவே எழுதுவதாக வெளியிடும் நிறுவனமே 2021 இல் அறிக்கை விட்டது. சின்னப் பிள்ளைகள் அந்த நையாண்டியைத் தவறவிடுவது உண்டு, அதனால் மகனிடம் கதைத்துப் பாருங்கள். துப்பாக்கியே வீட்டில் வேண்டாம் என்றால் எலும்புக்கூடும் அரக்கரும் மோதும் கற்பனைப் படைகளும் இருக்கின்றன, விதிகள் ஏறக்குறைய ஒன்றே.

கேள்வி: ரெஜிபோமில் குன்று செய்து ஸ்பிரே அடித்தேன், குன்று குழியாகிவிட்டது. புறாத்தீவுப் பக்கம் ஒதுங்கும் முருகைக் கல்லை வேற்றுக்கிரகப் பாறையாக வைக்கலாமா?
— மூதூர் வாசகர்

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறோம்: வைக்காதீர்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. செத்த முருகையைக்கூட எடுக்கக்கூடாது.

ரெஜிபோமைக் கரைத்தது ஸ்பிரேயிலுள்ள கரைப்பான். மீன் ஐஸ் பெட்டியின் ரெஜிபோம் நன்றாகவே உதவும், கழுவி இரண்டு நாள் வெயிலில் போட்டு மணத்தைப் போக்குங்கள். புதிய அலகு போட்ட கத்தியைச் சரித்து இழுத்து வெட்டுங்கள். மழுங்கிய அலகு மணிமணியாகப் பிய்க்கும். பிறகு மரவேலை வெள்ளைப் பசை இரண்டு பங்கு, மெல்லிய மணல் ஒரு பங்கு கலந்து இரண்டு பூச்சு. ஒரு ஊசித்துளை விட்டாலும் ஸ்பிரே அதற்குள்ளால் இறங்கித் தின்னும், ஆகவே மேலே சுவருக்குப் பூசும் தண்ணீர்ப் பெயின்றையே பிறஷால் பூசுங்கள். சரிவைச் சாய்வாக விடாமல் 5 செ.மீ. அகலப் படிகளாக வெட்டினால் உருவங்கள் உருளாமல் நிற்கும். கடற்கரை மணல் என்றால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசிக் காயவையுங்கள். உப்பு நின்றால் ஈரத்தை இழுத்து வெள்ளைத் தூளாகக் கக்கும்.

கேள்வி: நம் ஊரிலேயே நடந்த சண்டை ஒன்றை மேசைக்குக் கொண்டுவர முடியுமா?
— பாலையூற்று ஆசிரியர்

பதில்: 1782 செப்டெம்பர் 3 இருக்கிறதே! சில நாளைக்கு முன்தான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்திருந்தார். மீட்க வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸிடம் 12 பெருங்கப்பல், துறைமுகத்திலிருந்து வெளியே வந்த சுஃப்ரனிடம் 14. காற்று தென்மேற்கு, நம் கச்சானேதான். அதனால் காற்று வரும் பக்கம் பிரெஞ்சுக்காரருக்கு.

26 கப்பலும் வேண்டாம். ஆளுக்கு மூன்று வையுங்கள்: பிரெஞ்சுப் பக்கம் சுஃப்ரனின் எரோ, இலூஸ்த்ர், அஜாக்ஸ், எதிரே ஹியூஸின் சுபர்ப்பும் இன்னும் இரண்டும். 1:1200 அளவில் 74 பீரங்கிக் கப்பல் ஏறத்தாழ 45 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம். பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை வெட்டினால் உடல் தயார். மூன்று ஈர்க்குக் குச்சி பாய்மரம், தடித்த கடுதாசி பாய். ஈர்க்கைக் குத்துமுன் ஊசியால் துளை போடாவிட்டால் சரிந்து நிற்கும்.

விதிக்கு மூன்று விடயம் போதும். காற்று வரும் திசைக்கு 67 பாகைக்குள் எந்தக் கப்பலும் முகம் திருப்ப முடியாது. பீரங்கி பக்கவாட்டில் மட்டும், 12 அங்குலம் வரை. எதிரியின் முன்புறமோ பின்புறமோ அகப்பட்டால் இரட்டைச் சேதம். மூன்றாவது சுஃப்ரனின் கஷ்டம்: அவருடைய சமிக்ஞையை வலியுறுத்தச் சுட்ட ஒரு பீரங்கியைச் சண்டைக்கு உத்தரவு என்று மற்றக் கப்பல்கள் எடுத்துக்கொண்டு, அணி சேருமுன்பே சுடத் தொடங்கின. ஆகவே முதல் இரண்டு சுற்றில் ஒவ்வொரு பிரெஞ்சுக் கப்பலுக்கும் பகடை போடுங்கள், 1 அல்லது 2 விழுந்தால் அது நின்ற இடத்திலிருந்தே சுடும், நகராது.

மாலை ஐந்தரைக்குக் கச்சான் விழுந்து தென்கிழக்குப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. ஐந்தாம் சுற்றிலிருந்து சுற்றுக்கு ஒரு பகடை, 6 விழுந்தால் காற்றைத் திருப்புங்கள். அன்று எந்தக் கப்பலும் பிடிபடவில்லை. எரோ தன் நடுப் பாய்மரத்தை இழந்தது, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். பிரெஞ்சுக்காரர் 74 பீரங்கி ஓரியனை இழந்தது சண்டை முடிந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது, தரை தட்டி. அதனால் கடைசிச் சுற்று முடிந்ததும் பிரெஞ்சு ஆட்டக்காரர் எழும்பிப் போகக்கூடாது. மிஞ்சிய ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு பகடை, இரண்டிலும் 1 விழுந்தால் கப்பல் பாறையில்.