பந்திக்கு முந்தியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரே சபையில் இருக்கிறது. என் அண்ணன் மகன் கொஞ்ச காலமாக ஆலயத்துக்கு வருவதில்லை. ஞாயிறு மாலை நண்பர்கள் நாலைந்து பேர் அவன் வீட்டில் கூடி வேதம் வாசித்து ஜெபிக்கிறார்கள். கேட்டால், "ஆதிச்சபை வீட்டில்தான் இருந்தது. கட்டடம், ஆயர், கமிட்டி எல்லாம் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்தில் வந்த வினை. இரண்டு மூன்று பேர் போதும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்" என்கிறான். எங்கள் ஆயரோ, சபையை விட்டுப் போனவன் கிறிஸ்துவை விட்டுப் போனவன் என்கிறார். புதிய ஏற்பாட்டின்படி சபை என்றால் என்ன? யார் சொல்வது சரி?

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள ச.,

கட்டடத்தைப் பொறுத்தவரை உங்கள் அண்ணன் மகன் சொல்வது சரிதான். புதிய ஏற்பாட்டில் எங்கேயும் சபை என்பது கல்லும் காரையும் இல்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடுகிற சபை, பிலேமோன் வீட்டில் கூடுகிற சபை என்றுதான் பவுல் எழுதுகிறார். சபை என்று நாம் வாசிக்கும் எக்லேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் தனிப் புனிதம் கிடையாது. எபேசு அரங்கசாலையில் எதற்காகக் கூடினோம் என்றே தெரியாமல் கத்திய கும்பலையும் அப்போஸ்தலர் 19 அதே கிரேக்கச் சொல்லால்தான் குறிக்கிறது. அகராதியைப் புரட்டி இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது.

கான்ஸ்டன்டைன் மேல் பழி போடுவதுதான் அவசரம். யூப்ரடீஸ் கரையில், இன்றைய சிரியாவில், துரா யூரோப்பஸ் என்ற ஊரில் ஒரு வீட்டின் உள்சுவரை இடித்துக் கூடமாக்கி, ஞானஸ்நானத்துக்குத் தனி அறையும் சுவரோவியங்களும் அமைத்து வழிபட்டிருக்கிறார்கள். 1930களின் அகழாய்வில் வெளிப்பட்ட அந்த இடம் ஏறத்தாழ கி.பி. 240ஐ ஒட்டியது. கான்ஸ்டன்டைன் அப்போது பிறக்கவே இல்லை. சபையை நடத்தும் கண்காணிக்கு இருக்கவேண்டிய தகுதிகளோ 1 தீமோத்தேயுவிலேயே இருக்கின்றன.

ஆனால் என் மறுப்பு இந்தத் தேதிகளில் இல்லை. வீடு என்றதும் அங்கே எல்லாம் தூய்மையாக இருந்தது என்று உங்கள் அண்ணன் மகன் நினைக்கிறாரே, அதில்தான். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள்.

கொரிந்து புதுப்பணக்கார ஊர். கி.மு. 146இல் ரோமர்கள் அழித்ததை கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மீண்டும் குடியேற்றினார். வந்தவர்களில் பெரும்பங்கு விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு துறைமுகம், வியாபாரம், கைமாறும் காசு. பவுல் கி.பி. 50 வாக்கில் அங்கே வந்தார். சில ஆண்டுகள் கழித்து எபேசுவிலிருந்து இந்த நிருபத்தை எழுதினார். எழுதக் காரணம், குலோவேயாளின் வீட்டார் கொண்டுவந்த கோள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று அங்கே கட்சி கட்டியிருந்தார்கள். கமிட்டி இல்லாமலே இவ்வளவு நடந்திருக்கிறது!

வீட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். கொரிந்துவில் சபை முழுவதையும் உபசரிக்கிற காயுவையும் நகரத்துப் பொக்கிஷக்காரனான ஏரஸ்துவையும் ரோமர் 16 பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இப்படிப்பட்டவர்களோடுதான் அடிமைகளும் கூலிக்காரர்களும் கூடினார்கள். வாரத்தின் முதல் நாளான ஞாயிறு அந்தக் காலத்தில் விடுமுறை நாள் அல்ல. ஞாயிறு விடுமுறைச் சட்டம் கி.பி. 321இல்தான் வருகிறது. வேலை முடித்து, எஜமான் விட்ட பிறகுதான் அடிமை வரமுடியும். அதற்குள் வசதி உள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பந்திக்கு முந்து என்று நம் பழமொழி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்கிறார் பவுல்.

ரோம வீட்டின் சாப்பாட்டு அறையில் மூன்று மஞ்சங்களில் ஒன்பது பேர் சாய்ந்து உண்பது வழக்கம். அங்கே எஜமானின் சிநேகிதர்கள், வெளி முற்றத்தில் மற்றவர்கள் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். வேறு சிலர், மாளிகை எல்லாம் இல்லை, கடைக்கட்டும் மாடி வாடகை அறையும்தான் என்கிறார்கள். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கம் பண்ண, ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தானே, அது இவர்களுக்கு நல்ல சாட்சி. (நீண்ட பிரசங்கத்துக்கும் அது பழைய சாட்சிதான்.) இடம் எதுவானாலும் பவுலின் கோபம் ஒன்றே: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?"

அந்த வாக்கியத்தில் இல்லாதவனை வெட்கப்படுத்துவதும் சபையை அசட்டை செய்வதும் ஒரே காரியம். அதற்கு முன்பே இன்னும் கடுமையாகச் சொல்லிவிடுகிறார்: நீங்கள் கூடிவருவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல. வீடு இருக்கிறது, அப்பமும் ரசமும் இருக்கின்றன, நாமமும் சொல்லப்படுகிறது. இருந்தும் அது அல்ல. என் வாசிப்பில் புதிய ஏற்பாடு சபைக்குத் தருகிற மிகக் கறாரான இலக்கணம் இங்கேதான் இருக்கிறது. பவுல் சொல்லும் மருந்தும் மிக எளியது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லக்கூடாது என்ற பிரபலமான பகுதி, அடுத்த அதிகாரத்தில், இந்தப் பந்தித் தகராறின் சூட்டோடு வருகிறது. அதைப் பிரித்தெடுத்துத் திருமண வாழ்த்து மடல்போல வாசிக்கிறோம்.

நம்மூருக்கு இது புதிதில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையில் எவ்வளவு எதிர்ப்பு! தனி இருக்கை, நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதுதான் சண்டை. அவை முறையாகக் கட்டிய ஆலயங்களில் நடந்தவை. கொரிந்துவில் நடந்தது வீட்டில்.

உங்கள் ஆயர் 1 யோவான் 2:19ஐ மனதில் வைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் அங்கே பிரிந்துபோனவர்கள் இயேசுவைக் கிறிஸ்து அல்ல என்று மறுதலித்தவர்கள். வேதம் வாசிக்கக் கூடுகிற ஒரு பையன்மேல் அதைச் சுமத்துவது நியாயமில்லை.

பையன் பக்கத்து வசனத்துக்கும் பின்னணி உண்டு. நான்கு சுவிசேஷங்களில் மத்தேயுவில் மட்டுமே, 16, 18 ஆகிய இரண்டு அதிகாரங்களில்தான், சபை என்ற பேச்சு வருகிறது. "இரண்டுபேராவது மூன்றுபேராவது" என்பது 18ஆம் அதிகாரத்தின் 20ஆம் வசனம். அதற்கு ஐந்து வசனம் முன்னே போனால், அங்கே பேசப்படுவது சகோதரருக்குள் எழும் ஒரு வழக்கைப் பற்றி. சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் தனியே போய்ச் சொல். கேட்கவில்லையா, இரண்டொருவரைச் சாட்சியாகக் கூட்டிப் போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். வழக்குக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற உபாகமச் சட்டம்தான் அந்த இரண்டு மூன்றுக்கும் வேர். சிறிய கூட்டம் போதும் என்று அனுமதி தரும் வசனமாக அதை மட்டும் பிய்த்து எடுத்தால் இந்த வழக்கு முழுவதும் காணாமல் போகிறது.

அவர் வீட்டில் கூடட்டும், தடுக்காதீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரே வயது, ஒரே படிப்பு, பழைய சிநேகம் உள்ள அந்த நாலைந்து பேரில் ஒருவன் இன்னொருவனுக்குத் துரோகம் செய்தால், மூன்றாவது படியில் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?