40 குதிரைவலு எஞ்சினுக்கு லீசிங் எடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலை திருக்கடலூரில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். 18 அடி பைபர் படகு. பழைய 15 குதிரைவலு எஞ்சின் இனித் திருத்தியும் பயனில்லை. வலை படுக்கும் இடத்துக்குப் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். மச்சான் 40 போடச் சொல்கிறார்: சீக்கிரம் கரைக்கு வரலாம், சீசனில் நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குச் சுற்றுலா வருகிற ஆட்களை ஏற்றலாம் என்கிறார். கையில் 3 லட்சம் இருக்கிறது. 40 என்றால் இன்னும் 5 லட்சம் வேண்டும். லீசிங்காரர் 3 வருடத்துக்கு 15 வீத வட்டி என்கிறார்கள். திரும்பவும் 15 என்றால் 2 லட்சம் கடன் போதும். மனைவி தன் நகையை அடகு வைக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: 40 வேண்டாம். 15 வாங்குங்கள். வலையும் ஐஸும் ஆளுமாக உங்கள் படகில் வழக்கமாகப் பாரம் கூட என்றால் மட்டும் 25 பற்றி யோசிக்கலாம்.

முதலில் அந்த 15 வீதத்தைப் பார்ப்போம். அது முழுத் தொகைக்கும் மூன்று வருடமும் போடுகிற வட்டியா, குறைந்து வரும் மீதிக்குப் போடுகிற வட்டியா என்று கேளுங்கள். முழுத் தொகைக்கு என்றால் 5 லட்சத்துக்கு வட்டி மட்டும் 2,25,000 ரூபாய். மாதத் தவணை 20,100 ரூபாய்க்குக் கிட்ட வரும். நீங்கள் ஒவ்வொரு மாதமும் முதலைக் குறைத்துக்கொண்டே போகிறீர்கள், வட்டி மட்டும் குறைவதில்லை. மீதிக்கணக்கில் பார்த்தால் அது வருடத்துக்குச் சுமார் 26 வீத வட்டி.

தவணை பன்னிரண்டு மாதமும் வரும். கடல் அப்படி இல்லை. வாடைக்காற்று எழும்பினால் நவம்பரில் இருந்து தை மாதம் வரை எத்தனை நாள் கடலுக்குப் போக முடியும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வருடத்தில் எட்டு மாத உழைப்பை நம்பலாம் என்று வைத்தால், அந்த எட்டு மாதமும் தவணைக்கென்று 30,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். அதே வட்டியில் 2 லட்சம் எடுத்தால் இந்த ஒதுக்கீடு 12,000 சொச்சத்தோடு நின்றுவிடும்.

அப்புறம் எண்ணெய், அதாவது எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். முழு வேகத்தில் 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் மணித்தியாலத்துக்கு 7 லீற்றர் போலக் குடிக்கும், 40 என்றால் 18 லீற்றர் போல. 40 உங்கள் நேரத்தைப் பாதியாக்கும் என்றே வைப்போம். இப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு 14 லீற்றர் போகிறது, அப்போது ஒரு மணித்தியாலத்துக்கே 18 லீற்றர் போகும். அலை கொஞ்சம் எழும்பினாலோ, படகில் பாரம் ஏறினாலோ அந்த வேகமும் வராது, செலவு மட்டும் கூடும். 50 லீற்றருக்கு 1 லீற்றர் என்று கலக்கிற ஒயிலும் அதே அளவில் ஏறும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 340 ஆனது நினைவிருக்கும். பெரிய எஞ்சின் வைத்திருந்தவருக்கு அந்த அடி இன்னும் பலமாக விழுந்தது. இன்றைய எண்ணெய் விலையை மட்டும் வைத்து மூன்று வருடக் கடனில் இறங்காதீர்கள்.

மச்சான் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏலத்துக்கு முந்திக் கொண்டுவருகிற மீனுக்கு விலை கூட. ஆனால் அதற்கு நல்ல ஐஸ் பெட்டி ஒன்றும் அரை மணித்தியாலம் முந்திய புறப்பாடும் போதும், செலவும் மிகக் குறைவு. புறாத்தீவு நிலாவெளிக் கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். அந்தத் தூரத்துக்கு 40 எதற்கு? ஆள் ஏற்றுவதற்கு வேண்டியது அனுமதியும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும்.

படகின் உடம்பையும் பாருங்கள். 15 எஞ்சின் 40 கிலோவுக்குள் இருக்கும், 40 எஞ்சின் 70 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் முழுவதும் பின்பலகையில் தொங்கும். பின்பக்கம் தாழ்ந்து அலை உள்ளே ஏறும், பைபரில் வெடிப்பு விழும். படகு கட்டியவரிடம் அதிகபட்சம் எத்தனை குதிரைவலு தாங்கும் என்று கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். எஞ்சினில் இருந்து தண்ணீருக்குள் இறங்குகிற காலின் நீளம் உங்கள் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

அதேநேரம் மிகச் சின்னதாக வாங்குவதும் நட்டம்தான். நாள் முழுக்க முறுக்கி ஓட்டுகிற எஞ்சின் எண்ணெயையும் தின்னும், சீக்கிரமும் தேயும். ஆகவே தெரிந்த ஒருவரிடம் 25 எஞ்சினை ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்கள். வழக்கமான பாரத்தோடு அதே இடத்துக்குப் போய்வந்து, எத்தனை லீற்றர், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். அதற்கு முன் படகின் அடியில் ஒட்டியிருக்கிற பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிடுங்கள். பழைய எஞ்சின் இழுக்கவில்லை என்று நினைத்ததில் ஒரு பங்கு அதனாலும் இருக்கலாம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். ஆனால் விலையும் பாரமும் கூட, பெற்றோலில் ஓடும். உங்கள் வரவுக்கு இப்போது அது சரிவராது.

நகை விஷயம். 2 லட்சத்துக்கு லீசிங்கைவிட வங்கி அடகில் வட்டி குறைவாக இருந்தால் அதையே எடுங்கள். ஆனால் வாடை தொடங்குவதற்கு முன் நகையை மீட்க வேண்டும். மாசியில் வைத்தால் ஐப்பசிக்குள் மீட்பது என்று மனைவியோடு பேசி, தொழிலுக்குப் போகிற நாளெல்லாம் 1,500 ரூபாயைத் தனியே போடுங்கள். மாதம் 20 நாள் போனால் எட்டு மாதத்தில் 2,40,000 சேரும். கையில் இருக்கிற 3 லட்சத்தையும் கடைசி ரூபாய் வரை எஞ்சினில் கொட்ட வேண்டாம். வலை கிழிந்தால் வாங்க 50,000 ஆவது மிச்சம் இருக்கட்டும். அந்தக் குறையை இரண்டாம் கை எஞ்சின் வாங்கிச் சரிக்கட்டலாம்.

இரண்டாம் கை எஞ்சினைப் பார்க்கப் போனால் கியர் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். பில்லில் உள்ள இலக்கமும் எஞ்சினில் பதிந்த இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.