மே 22-இல் அந்தமான்: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 85,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 26,000. எல்லாச் செலவும் போக 15,000 மிஞ்சும். அம்மா, இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேராக மே 22 அன்று அந்தமான் போக ஆசை. விமானம் உட்பட 1,70,000 ரூபாய் என்கிறார் டிராவல்ஸ்காரர். வங்கி ஆப்பில் ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் தருவதாகக் காட்டுகிறது. 14 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. நகையை வைக்கலாம் என்கிறார் மனைவி. 2 லட்சத்துக்கு எஃப்.டி. இருக்கிறது. அது தவிர போனஸ் 45,000, சேமிப்புக் கணக்கில் 50,000. ஜூனில் பள்ளிக் கட்டணம் 62,000 கட்ட வேண்டும். எந்த வழி நல்லது? சம்பளத்தில் உள்ள எல்.டி.ஏ.வால் (விடுமுறைப் பயணப் படி) வரி மிச்சமாகுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது தேதி. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதே அந்தமான் பக்கம்தான், அதுவும் மே மூன்றாம் வாரம் வாக்கில். கேரளாவுக்கு ஜூன் 1 என்று செய்தியில் சொல்வார்களே, அதற்குப் பத்து நாள் முன்பே அங்கே மழை இறங்கிவிடும். கடல் கொந்தளித்தால் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பேக்கேஜ் விலை மே கடைசியில் கொஞ்சம் இறங்குவதற்கு இதுதான் காரணம். வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா என்று டிராவல்ஸ்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

இப்போது கடனுக்கு வருவோம். ஒன்றரை லட்சத்துக்கு 14 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 7,200. இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டுவது 1,72,800க்கு மேல். ஆக வட்டி மட்டும் கிட்டத்தட்ட 23,000. பிராசசிங் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தனி. அடுத்த மே வரும்போது இந்த மே மாதப் பயணத்தின் தவணையில் பாதி பாக்கி இருக்கும், பிள்ளைகள் "இந்த வருஷம் எங்கே?" என்று கேட்பார்கள். உங்கள் 15,000-இல் இந்தத் தவணை அடங்கிவிடும், மறுக்கவில்லை. ஆனால் 23,000 வட்டி கொடுத்து நீங்கள் வாங்கப்போவது அந்தமானின் மழை வாரத்தை.

நகைக் கடனில் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இருந்தாலும் அட்சய திருதியை வரும் பருவத்தில் ஊரே நகைக்கடை வாசலில் நிற்க, நீங்கள் மட்டும் அடகுக்கு எடுத்துப் போவது எனக்கு ஒப்பவில்லை. மூன்றில் குறைந்த செலவுள்ளது எஃப்.டி.யின் மேல் வாங்கும் கடன், எஃப்.டி. வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் கூடுதலாகக் கேட்பார்கள். அதையும் தொட வேண்டாம் என்பேன். வயதான அம்மா இருக்கும் வீட்டில் அந்த 2 லட்சம் ஆஸ்பத்திரிப் பணம்.

அதற்காக வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லவில்லை. போனஸும் சேமிப்பும் சேர்ந்து 95,000; பள்ளிக் கட்டணத்தை எடுத்து வைத்தால் 33,000 மிஞ்சும். இந்த மே மாதம் ராமேஸ்வரம் போங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால் இனி நேரடி டிக்கெட் கிடைப்பது கஷ்டம். மதுரை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பாசஞ்சர் ரயில் பிடியுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது பிள்ளைகளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தால் போதும், பாதிப் பயணம் அங்கேயே வசூலாகிவிடும். அம்மாவுக்கு 22 தீர்த்தம். அப்புறம் ஒரு நாள் தனுஷ்கோடி, அரிச்சல்முனை; அங்கே பார்ப்பதோடு சரி, குளிக்க இறங்க வேண்டாம். குளிக்க உச்சிப்புளி பக்கத்தில் அரியமான் கடற்கரை இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை குறைவு, ஆழமும் குறைவு. மூன்று இரவு, ஐந்து பேர், 25,000-க்குள் முடிக்கலாம். மீன் சாப்பாட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் சுள்ளென்று இருக்கும்.

அந்தமானை அடுத்த வருடம் மே முதல் வாரத்துக்கு வையுங்கள். ஜூலையில் வங்கியில் இரண்டு ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். மாதம் 10,000 வீதம் ஏழு மாதத்துக்கு ஒன்று; அது பிப்ரவரியில் முதிர்ந்ததும் விமான டிக்கெட் எடுத்துவிடலாம். மாதம் 5,000 வீதம் பத்து மாதத்துக்கு இன்னொன்று, தங்குவதற்கும் படகுக்கும். முதல் ஆர்.டி. முடிந்த பிறகு அந்த 10,000-ஐ மூன்று மாதம் சும்மா சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மொத்தம் ஒன்றரை லட்சம், 6.5 சதவீதம் என்று வைத்தால் வட்டி ஒரு 3,000. பெரிய வட்டி இல்லைதான். தபால் அலுவலக ஆர்.டி. இதற்கு வேண்டாம், அது ஐந்து வருடத் திட்டம்.

குறையும் 17,000-ஐப் பேக்கேஜிலேயே வெட்டலாம். தீவுக்குத் தீவு போக அரசுப் படகு இருக்கிறது. தனியார் படகில் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் போகும் இடத்தில் இதில் சில நூறுதான். ஐந்து பேருக்கு மூன்று பயணம் என்று பெருக்கிப் பாருங்கள். அறை எடுக்கும்போது 7,500 ரூபாய் என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஒரு நாள் வாடகை அதுவரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு வரி 375. 7,600 ரூபாய் அறைக்கு 1,368! கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படகு ஒரு நாள் நின்றாலும் விமானத்தைக் கோட்டைவிட மாட்டீர்கள். டிக்கெட்டை ரத்து செய்ய நேர்ந்தால், 'நான்-ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

எல்.டி.ஏ. விஷயம்: பழைய வரி முறையில் இருந்தால்தான் அந்தச் சலுகை. புதிய முறையில் முழுத் தொகைக்கும் வரி உண்டு. பழைய முறையிலும் நான்கு காலண்டர் ஆண்டுகளுக்கு இரண்டு பயணம்தான், இந்தியாவுக்குள் மட்டும், அதுவும் போக்குவரத்துக் கட்டணத்துக்குத்தான். ஹோட்டல், சாப்பாடு, படகு சவாரி எதுவும் சேராது. உங்களை நம்பி இருக்கும் அம்மாவின் டிக்கெட்டும் கணக்கில் வரும். ராமேஸ்வரப் பஸ், ரயில் டிக்கெட்டுக்கு இதை வீணாக்காமல் அந்தமான் விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே பேக்கேஜ் பில்லாக வாங்கினால் கட்டணத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லி அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள், எனவே விமான டிக்கெட்டுக்கு மட்டும் தனி பில் கேளுங்கள்.